கையில் இரண்டு எட்டு

தீபாவளி என்றால் நமக்கு எண்ணெய்க் குளியல், புத்தாடை, பலகாரம். வடநாட்டு விடுதியில் தங்கிப் படிக்க வந்த நம்மவர் முதல் ஆண்டிலேயே இன்னொன்றையும் கண்டுகொள்கின்றனர். அன்றிரவு இங்குள்ள நண்பர்கள் கட்டிலை ஓரத்தில் தள்ளிவிட்டு, தரையில் விரிப்பை விரித்துச் சீட்டாட உட்கார்ந்துவிடுவர். அவர்களுக்கு அது பாவமன்று. திருமகள் வரும் இரவைக் கொண்டாடும் மரபு. நமக்கோ, சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் நினைவுக்கு வருவார். நாட்டை இழந்த தருமனும், காட்டில் அலைந்த நளனும் கண்முன் நிற்பர். ‘வேடிக்கை பார்க்கிறேன், ஆடமாட்டேன்’ என்று சுவரோரம் நின்றுகொள்வோம். அரை மணி கழித்து நம் கையிலும் சீட்டு இருக்கும்!

சூதைப் போற்ற வந்த கட்டுரை அன்று இது. ஆனால் சீட்டுக் கட்டுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நிகழ்தகவு என்னும் கணிதத் துறையே ஆட்டக்காரர்களின் ஐயத்திலிருந்து கிளைத்தது அன்றோ? பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்னும் வினாவைப் பற்றிப் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654 ஆம் ஆண்டில் கடிதம் எழுதிக்கொண்டனர். அக்கடிதங்களே தொடக்கம் என்பர். அவ்வினா இக்கட்டுரையிலும் ஓரிடத்தில் தலைகாட்டும்.

எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் சங்கத்து அண்ணன் ஒருவர், ஆராய்ச்சி மாணவர், தம் உதவித்தொகையில் மிச்சம் பிடித்த ஐயாயிரம் ரூபாயைக் கட்டிக் கோவாவில் ஒரு போக்கர்ப் போட்டியில் அமர்ந்தார். மாண்டோவி ஆற்றில் மிதக்கும் கப்பல்களுள் ஒன்றில் அது நடந்தது. 21 வயது நிரம்பாதவர்க்கு அங்கே இடமில்லை; அவர்க்கு இருபத்தேழு. நாள் முழுதும் ஆடலாம் என்று போனவர் நாற்பதாவது நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டார். கையில் இருந்தவை இரண்டு எட்டு. திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்து நொந்திருக்கிறார். வந்ததும் என் அறைக்கதவைத் தட்டி, “தம்பி, நீ புள்ளியியல் படிக்கிறவன் ஆயிற்றே, நான் செய்ததில் எது பிழை என்று சொல். அதிர்ஷ்டம் இல்லை என்று மட்டும் சொல்லாதே” என்றார். இரண்டு இரவு உட்கார்ந்து போட்ட கணக்கே இக்கட்டுரை.

ஆட்டம் அறியாதவர்க்கு முதலில் நாலு வரி. டெக்சஸ் ஹோல்டம் என்னும் வகையில் ஒவ்வொருவர்க்கும் இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும். பிறகு மேசை நடுவில் எல்லார்க்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு (ஃபிளாப்), அடுத்து ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்) திறக்கப்படும். ஏழு சீட்டில் சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு: ஈடு கட்டலாம், உயர்த்தலாம், சீட்டை வைத்துவிடலாம். யாரும் பணம் வைக்காமல் சும்மா இருந்துவிட முடியாதபடி, இருவர் முறைவைத்துப் ‘பிளைண்ட்’ என்னும் கட்டாயப் பணம் வைப்பர். போட்டியில் கட்டணத்துக்கு ஈடாக எல்லார்க்கும் ஒரே அளவு வில்லைகள் தரப்படும். அவை தீர்ந்தால் எழுந்திருக்க வேண்டியதுதான். நேரம் ஆக ஆகப் பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் அது சிறிது, வில்லையோ ஏராளம். ‘தொடக்கம்’ என்று நான் சொல்வதெல்லாம் இந்த நிலையையே.

கையில் வந்த இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் இணை. ஏஸ், ராஜா, ராணி இணைகள் வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு, மூன்று வந்தாலும் அவ்வளவு குழப்பமில்லை. அவற்றின் எளிமை அவற்றின் முகத்திலேயே எழுதியிருக்கிறது. ஆறு முதல் ஒன்பது வரையுள்ள நடுத்தர இணைகளே ஆளைக் கெடுப்பவை. பார்க்கும்போது வலியவை, நம்பி இறங்கினால் நடு ஆற்றில் கைவிடுபவை.

இவை எத்தனை அடிக்கடி வரும்? இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1,326. ஒவ்வோர் எண்ணின் இணைக்கும் 6 வழி. ஆகவே ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது நான்குக்கும் 24 வழி. 1,326 இல் 24 என்றால் 55 கைக்கு ஒரு தடவை. மேசையில் மனிதர் கலைத்து, மனிதர் போட்டு ஆடும் ஆட்டத்தில் மணிக்கு 25 முதல் 30 கைகள் ஓடினால் மிகுதி. ஆகவே ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒரு முறைதான் நடுத்தர இணை கையில் சேரும். வெறும் சீட்டாக வைத்து வைத்துச் சலித்துப்போன ஒருவன் கையில் அது வந்தால், பாலைவனத்தில் கண்ட ஊற்றுப்போல் தோன்றுவதில் வியப்பென்ன? அண்ணன் இழந்ததற்கு முதற்காரணம் அந்தச் சலிப்பே என்பது என் எண்ணம். ஆனால் அவர் கேட்டது கணக்கு, கணக்கையே பார்ப்போம்.

எட்டு இணையோடு ஃபிளாப்பைப் பார்க்கிறோம் என்க. மீதமுள்ள 50 சீட்டிலிருந்து மூன்று வருவதற்கு 19,600 வழிகள். அவற்றுள் எட்டே வராத வழிகள் 17,296. எனவே மூன்றாவது எட்டு (இதைச் ‘செட்’ என்பர்) வந்து சேர்வது 19,600 இல் 2,304. நூற்றுக்குப் பன்னிரண்டு சொச்சம் கூட இல்லை, 11.8 தான். எட்டரை முறைக்கு ஒரு முறை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதையே ஒன்றுக்கு ஏழரை எதிர் என்றும் சொல்வர்.

மற்ற முறைகளில்? ஒன்பது முதல் ஏஸ் வரை எட்டைவிடப் பெரிய சீட்டு 24 உண்டு. அவற்றுள் ஒன்றேனும் ஃபிளாப்பில் வந்து விழுவது நூற்றுக்கு 87. ஒன்பது இணைக்கு இது 79. ஏழு இணைக்கு 92. பெரிய சீட்டு விழுந்தவுடன் எதிராளிக்கு அது பொருந்திற்றா என்னும் ஐயம் நம் தலையில் ஏறிக்கொள்ளும். பந்தயம் வந்தால் ஈடு கட்டவும் பயம், விடவும் மனமில்லை. ஆக, நடுத்தர இணையின் உண்மையான வலிமை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, மலிவாக நுழைந்து மூன்றாவது சீட்டைப் பிடிப்பது. மற்றொன்று, எதிரில் ஓரிருவரே இருக்கும்போது, அவர்களுக்கும் ஒன்றும் பொருந்தாத சிறு ஆட்டங்களை மெல்ல வெல்வது. இரண்டாவதை நம்மவர் சற்றும் மதிப்பதில்லை. சிறு தொகைகள்தாம், ஆனால் அவையே பிளைண்டின் செலவை ஈடு செய்கின்றன.

இனி அண்ணனின் கைக்கு வருவோம். ஒன்பது பேர் மேசை. ஒவ்வொருவர்க்கும் 30,000 வில்லை. பிளைண்ட் 100, 200. பெரியவர் ஒருவர், அதுவரை ஒரு கையும் ஆடாதவர், முன்வரிசை இருக்கையிலிருந்து 600 என்று உயர்த்தினார். நடு இருக்கையில் அண்ணன். கையில் எட்டு இணை.

இங்கே அவர் செய்ய வேண்டியது 600 ஈடு கட்டுவது. ஏன்? நடுவில் 900 ஏற்கெனவே கிடக்கிறது. எட்டரையில் ஒரு முறையே செட் வரும் என்பதால், இழப்பை ஈடு செய்ய வெற்றி முறையில் 600 இன் ஏழரை மடங்கு, அதாவது 4,500 கிடைக்க வேண்டும். 900 போக இன்னும் 3,600. பெரியவர் முன்னால் இருப்பதோ 29,400. அவர் கையில் ராஜா இணையோ ஏஸ் இணையோ இருந்து, மூன்று எட்டு நமக்கு வந்துவிட்டால், 3,600 என்ன, அதற்கு மேலும் தருவார். ‘ஈடு கட்டும் தொகையைப்போல் பதினைந்து இருபது மடங்காவது எதிராளியிடமும் நம்மிடமும் மீதி இருக்க வேண்டும்’ என்று பழகிய ஆட்டக்காரர் சொல்லும் விதி இதிலிருந்து வருவதே. ஏழரை போதாதா என்று கேட்கலாம். செட் வந்த ஒவ்வொரு முறையும் எதிராளி முழுத்தொகையும் தந்துவிடமாட்டார். சில முறை நம் செட்டே தோற்கும். அதற்காகத்தான் இரட்டிப்பு. இங்கே இருந்ததோ ஏறத்தாழ ஐம்பது மடங்கு! இப்படிப்பட்ட இடம் தொடக்கத்தில்தான் கிடைக்கும். பின்னேரத்தில், வில்லை 12,000, பிளைண்ட் 500, 1,000 என்று ஆனபின், 2,500 கொடுத்து ஃபிளாப் பார்ப்பவன் கணக்கறியாதவன்.

அண்ணன் ஈடு கட்டவில்லை. 2,000 என்று உயர்த்தினார். ஏன் என்றேன். “நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துகொள்ள” என்றார். போக்கர் மேசைகளில் இதைவிடப் பழகிய மறுமொழி வேறில்லை. இதைவிட விலை மிகுந்ததும் வேறில்லை. உயர்த்தியதால் யார் விலகுவர்? நம்மைவிட எளிய சீட்டு உடையவர். யார் நிற்பர்? வலியவர். நாம் வெல்லக்கூடியவரை அனுப்பிவிட்டு, நம்மை வெல்லக்கூடியவரோடு பெரிய தொகைக்கு ஆடுவதற்கு நாமே ஏற்பாடு செய்துகொள்கிறோம். எல்லா நேரத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கடைசி இருக்கையிலிருந்து எவர்க்கும் எவரைக் கண்டும் அஞ்சாது உயர்த்தும் இளைஞன் ஒருவன் உயர்த்தியிருந்தால், எட்டு இணையை வைத்து மறுபடி உயர்த்துவது நல்ல ஆட்டமே. நாற்பது நிமிடம் அசையாத பெரியவர் முன்வரிசையிலிருந்து அசைந்தால் அதற்கு வேறு பொருள்.

பெரியவர் 6,000 என்றார். அண்ணன் தாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டார் அல்லவா? விலை கொடுத்து வாங்கிய செய்தியை அவர் நம்பியிருக்கலாம். நம்பவில்லை. மேலும் 4,000 ஈடு கட்டினார். “செட் வந்தால் எல்லாம் கிடைக்குமே” என்றார். இங்கேதான் கணக்குச் சுவையாக இருக்கிறது. நடுவில் 8,300. ஈடு கட்டியபின் இருவரிடமும் மீதி 24,000. ஆக, செட் வந்து முழுவதும் வென்றால் 32,300. தேவைப்படுவது 4,000 இன் ஏழரை மடங்கு, 30,000. ‘சரியாகத்தானே இருக்கிறது?’ என்று தோன்றும். செட் வரும் பத்து முறையில் ஒரு முறை பெரியவர் மேலே பணம் தராமல் விட்டுவிடுகிறார் என்று மட்டும் கொள்ளுங்கள். அந்த ஒரு முறை கிடைப்பது நடுவிலுள்ள 8,300 தான். சராசரி எடுத்தால் 29,900. தேவைக்கு நூறு குறைந்துவிட்டது! செட் வந்தும் தோற்கும் முறைகளை இன்னும் நான் கழிக்கவே இல்லை. ஏஸும் ராஜாவும் வைத்துக்கொண்டு ஃபிளாப் பொருந்தாதவர் பத்தில் ஒரு முறைதானா விடுவார்? 600 ஆக இருந்தபோது ஐம்பது மடங்கு. 4,000 ஆனபோது ஆறே மடங்கு. சீட்டு மாறவில்லை, விலை மாறிவிட்டது.

ஃபிளாப்பில் 7, 4, 2 விழுந்தன.

அண்ணன் நெஞ்சு குளிர்ந்ததாம். பெரிய சீட்டு ஒன்றும் இல்லை. எட்டே உயர்ந்து நிற்கிறது. எட்டு இணைக்கு இப்படி விழுவது நூற்றுக்குப் பதின்மூன்று முறையே. ஆனால் குளிர்ந்த நெஞ்சு ஒன்றை மறந்தது: ஃபிளாப் பெரியவருக்கு உதவவில்லை என்பது உண்மை, அவருக்கு உதவி வேண்டியிருந்ததா? இரண்டாம் முறை உயர்த்திய அப்பெரியவர் கையில் என்னென்ன இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்போம். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி இணைகள் ஒவ்வொன்றும் 6 வழி, மொத்தம் 24. ஏஸும் ராஜாவும் சேர்ந்தது 16 வழி. ஆக 40. இதில் 24 இல் அண்ணன் பின்னால். 16 இல் முன்னால்.

பெரியவர் 7,000 வைத்தார். அண்ணன் மீதி 24,000 ஐயும் ‘ஆல் இன்’ என்று தள்ளினார். ஏஸும் ராஜாவும் உள்ளவர் விட்டுவிடுவார். அந்த 16 முறையும் நடுவிலுள்ள 19,300 அண்ணனுக்கு. இணை உள்ளவர் விடமாட்டார். அந்த 24 முறையும் அண்ணன் வெல்வது ஏறத்தாழப் பத்தில் ஒன்று. அப்போது மொத்தத் தொகை 60,300, அதில் பத்தில் ஒன்று 6,030, போட்டதோ 24,000. ஒரு முறைக்கு இழப்பு 17,970. நூற்றுக்கு நாற்பதும் அறுபதுமாகச் சேர்த்தால், லாபம் 7,720, நட்டம் 10,782. சீட்டை வைத்துவிடுவதைக் காட்டிலும் இந்தத் துணிச்சல் சராசரியாக 3,062 வில்லை குறைவு. பத்து இணையையும் பெரியவர் பட்டியலில் சேர்த்தால் இன்னும் மோசம். அவர் கையில் இருந்தவை இரண்டு ராணிகள். டர்னும் ரிவரும் ஒன்றும் செய்யவில்லை. பெரியவர் எழுந்து கை கொடுத்தாராம். “நல்ல மனிதர்” என்றார் அண்ணன். அது என்னை வருத்திற்று.

முதலில் 600 ஈடு கட்டி, அதே 7, 4, 2 விழுந்திருந்தால்? நடுவில் 1,500. பெரியவர் 800 வைப்பார், ஈடு கட்டலாம். டர்னில் 2,000 வைப்பார். அதையும் ஆளைப் பார்த்துக் கட்டலாம், அல்லது விடலாம். ரிவரில் பெருந்தொகை வைத்தால் வைத்துவிட்டு எழாமல் உட்கார்ந்திருக்கலாம். போவது மூவாயிரமோ நாலாயிரமோ. 26,000 வில்லையுடன் அடுத்த கைக்குக் காத்திருப்பார். ஒற்றை இணைக்குச் சிறு தொகை, செட்டுக்குப் பெருந்தொகை. நடுத்தர இணையின் ஆட்டம் முழுதும் இதில் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

“முதலிலேயே துணிந்து ஆடி, இரட்டிப்பாக்கு, இல்லாவிட்டால் எழுந்து போ” என்று உபதேசிப்பவர் உண்டு. பாஸ்கலின் பழைய வினா இங்கே வருகிறது. மூவர் மட்டும் மீதி. வில்லை மூவர்க்கும் சமம். பரிசு 50, 30, 20 ரூபாய் என்க. ஆட்டத்தை அங்கேயே நிறுத்திப் பங்கிட்டால் ஒவ்வொருவர்க்கும் 33.33. இப்போது ஒருவர் மற்றவரை முழுவதும் வென்று இரட்டிப்பாக்கிவிட்டார். அவரிடம் மூன்றில் இரண்டு பங்கு வில்லை. அவர் முதற்பரிசு பெறும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. இல்லாவிட்டால் 30 உறுதி. மதிப்பு 43.33. வில்லை இரட்டித்தது, பணம் இரட்டிக்கவில்லை, 10 ரூபாயே கூடிற்று. தோற்றவர்க்கோ 33.33 போய் 20, இழப்பு 13.33. இடையிலுள்ள 3.33 எங்கே போயிற்று? கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்த மூன்றாமவர் பைக்கு! அவர் மதிப்பு 36.67 ஆகிவிட்டது. இழக்கும் வில்லை வெல்லும் வில்லையைவிட விலை மிக்கது என்று சொல்வதன் பொருள் இது. பரிசு நெருங்க நெருங்க இது கூர்மையாகும். தொடக்கத்தில் மிக மெல்லியது. ஆகையால் முதல் மணியில் இதற்காக நடுங்க வேண்டுவதில்லை. ஆனால் 55க்கு 45 என்று நிற்கும் ஓட்டத்திற்கு (எட்டு இணைக்கும் ஏஸ்-ராஜாவுக்கும் நேர் மோதல் ஏறத்தாழ அப்படித்தான்) முழு வில்லையையும் முதல் மணியிலேயே வைப்பவர், அதைவிட நல்ல இடம் நாள் முழுவதும் தமக்குக் கிடைக்காது என்று தாமே ஒத்துக்கொள்கிறார்.

செட் வந்தபின் என்ன செய்வது? மறைத்து மறைத்து ஆடுவது நம்மவர் வழக்கம். ‘தூண்டில் போடுகிறேன்’ என்பர். என் கருத்து, பெரும்பாலும் பந்தயம் வைத்துவிடுவதே நன்று. வில்லை மிகுதியாக உள்ள தொடக்கத்தில் நடுத்தொகையைச் சிறுகச் சிறுக வளர்த்தால்தான் ரிவரில் பெரும்பந்தயத்துக்கு இடமுண்டாகும். ஃபிளாப்பில் சும்மா இருந்தவனுக்குக் கடைசியில் கிடைப்பது கூழ்; கஞ்சிகூட அன்று.

செட்டும் தோற்பதுண்டு. இருவர் கையிலும் இணை இருந்தால், இருவர்க்கும் ஒரே ஃபிளாப்பில் செட் விழுவது நூற்றில் ஒரு முறை. அந்த நூற்றில் ஒன்று, உலகமே பார்த்துக்கொண்டிருக்க நடந்தது. 2017 இல் லாஸ் வேகசில் உலகப் போக்கர்த் தொடரின் முதன்மைப் போட்டி. கட்டணம் 10,000 டாலர். ஆடினோர் 7,221 பேர். ஆளுக்கு 50,000 வில்லை. அத்தொடரில் அதற்குமுன் மூன்று பட்டங்கள் வென்ற வனெசா செல்ப்ஸ்ட் கையில் ஏஸ் இணை. எதிரே பிரான்சு நாட்டுக் கேல் போமான் கையில் ஏழு இணை, நம் நடுத்தர இணை! ஃபிளாப்பில் ஏஸ், 7, 5. இருவர்க்கும் செட். போமானைக் காப்பாற்றக்கூடிய ஏழு கட்டில் ஒன்றே ஒன்று. காணாத 45 சீட்டில் ஒன்று. டர்னில் அதுவே வந்தது. நான்கு ஏழுக்குமுன் செல்ப்ஸ்டின் மூன்று ஏஸும் இரண்டு ஏழும் தோற்றன. முதல் கட்டம் முடியுமுன்பே அவர் வெளியேறினார். அவர் ஆட்டத்தில் பிழை காண்பது எளிதன்று. கணக்கு காக்காத இடமும் உண்டு என்பதற்காகச் சொன்னேன். அண்ணனின் கை அந்த வகையைச் சேர்ந்ததன்று.

மேசையில் நேரே அமர்ந்து ஆடுவதில் வேறு சில நுணுக்கங்கள் உண்டு. பணம் வைத்து இணையத்தில் ஆடுவதைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபின், அவ்வழியே கற்றவர் பலர் மேசைக்கு வந்து தடுமாறுவதாகக் கேள்வி. முதலாவது, வாய் திறந்து சொல்லுதல். பிளைண்ட் 200 ஆக இருக்கையில் 1,000 வில்லை ஒன்றை எடுத்து மௌனமாக வைத்தால், விதிப்படி அது 200 ஈடு கட்டியதே ஆகும், உயர்த்தியதாகாது. நம் விடுதிப் போட்டியில் ஒன்பது இணை வைத்திருந்த ஒருவர்க்கு இது நேர்ந்தது. அவர் விலக்க நினைத்த ஐவரும் மலிவாக உள்ளே வந்துவிட்டனர். (அவர் யார் என்று கேளாதீர்; கட்டுரை எழுதுபவர்க்கு அச்சம் மிகுதி.) இரண்டாவது, தம் முறை வருமுன் சீட்டைத் தூக்கிப் பாராதிருத்தல். பிறர் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதே அந்த நேரத்துக்குரிய வேலை. சீட்டைப் பார்த்த கணத்தில் வில்லையை நோக்கிக் கண் ஓடினால் அவர் வரப்போகிறார் என்று பொருள். மூன்றாவது, யார் எத்தனை கை ஆடுகிறார் என்று எண்ணிக்கொண்டிருத்தல். பெரியவர் நாற்பது நிமிடம் ஆடவில்லை என்பதை அண்ணன் எனக்குச் சொன்னார். மேசையில் அதைத் தமக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

இருக்கையைப் பற்றியும் ஒரு சொல். முன்வரிசையில் எட்டு, ஒன்பது இணை வந்தால் இரண்டரை மடங்கு உயர்த்தி நுழையலாம். பின்னால் எட்டுப் பேர் இருக்கின்றனர், அவர்களுள் ஒருவரிடமேனும் எட்டைவிடப் பெரிய இணை இருப்பது ஐந்தில் ஒரு முறை என்பதை மறவாமல். ஆறு, ஏழு என்றால் மேசை முரடாக இருந்தால் வைத்துவிடுவதில் இழுக்கில்லை. முன்னால் இருவர் மூவர் வெறுமனே ஈடு கட்டி வந்திருந்தால் நாமும் அப்படியே சேர்ந்துகொள்ளலாம். கடைசி இருக்கை, முன்னால் யாரும் இல்லை என்றால் உயர்த்துங்கள். அப்போது பெரும்பாலும் நம்முடையதே மேலான கை.

இத்தனையும் தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். நெடுநேரம் படித்தார். “அப்படியானால் 600 கொடுத்திருக்க வேண்டும்” என்றார். “ஆம் அண்ணா.” “அவர் 6,000 சொன்னபோது விட்டிருக்கலாம்.” “2,000 உடன் போயிருக்கும்.” தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சென்ற மாதம் நம் விடுதியில், பணமில்லாமல், வென்றவர்க்கு மற்றவர் மசால் தோசை வாங்கித் தருவது என்னும் உடன்பாட்டில் நடந்த போட்டியில் அவர்க்கு ஆறு இணை இரு முறை வந்தது. இரு முறையும் மலிவாக நுழைந்தார். இரு முறையும் ஃபிளாப்பில் ராஜா விழுந்தது. இரு முறையும் பேசாமல் வைத்துவிட்டார். நான்காம் இடத்தில் வெளியேறினார். தோசைக்கு அவரும் பங்கு கொடுத்தார்.